குளமும் கண்ணாடித் தொட்டியும்



சரித்திரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை அரசர்களின் பெயர்களும், போர்களும், ஆண்டுகளுமே. அதிலும் செஞ்சியில் வாழும் ஒருவனைச் சரித்திரம் பேச அழைத்தால், அவன் தேசிங்கு ராஜனையும் அவனுடைய குதிரையையும் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது. வீட்டுக் கூடத்தில் வைக்கப்படும் மீன் தொட்டியைப் பற்றிச் சில சொல்லப் போகிறேன்.

ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணாக்கர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுள் ஒருவர், தம் பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி அமைக்க விரும்புவதாகவும், எத்தகைய தொட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் வினவினார். நான் விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லன், சரித்திரம் கற்பித்தவன். ஆகவே, மனிதன் நீரைக் கட்டி வைத்து அதில் உயிரைக் காக்க எப்படிக் கற்றுக்கொண்டான் என்ற கதையைச் சொல்வதே அவருக்கு நான் தரக்கூடிய சரியான விடை என்று கருதினேன். அக்கதையே இந்தப் பேச்சு.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுள்ளது. அதன் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை உடனே விளங்கும். பெய்த மழை அங்கே தங்காது, வழுக்கி ஓடிவிடும். அத்தகைய இடத்தில் ஒரு படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாங்க வேண்டுமானால், மதில் மட்டும் போதாது, நீர் வேண்டும். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை வளைத்துக்கொண்டிருந்தது. சத்ரபதி சிவாஜியின் மகனான ராஜாராம் உள்ளே இருந்தார். அத்தனை ஆண்டுகள் கோட்டை நிலைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நீரும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ராஜகிரியின் உச்சியில் நன்னீர்ச் சுனைகள் உள்ளன. கீழே மழை நீரைத் தேக்கும் நீர்நிலைகள் உள்ளன. சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகிய இரண்டையும் இன்றும் காணலாம். கலியாண மகாலுக்கு வேண்டிய நீர், சுமார் 500 கஜத் தொலைவிலிருந்த ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய்களின் வழியே கொண்டுவரப்பட்டது. ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது, இறைக்கும் பொறி எதுவும் இல்லாமல் நீர் எவ்வாறு இவ்வளவு தூரம் வந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரு ரப்பர்க் குழாயில் நீரை நிரப்பி, அதன் இரு முனைகளையும் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஒரு முனையைத் தாழ்த்தியவுடன் நீர் அம்முனை வழியே வெளிவந்தது. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்ற ஒரே விதியைக்கொண்டு நம் முன்னோர் ஒரு மாளிகைக்கே நீர் ஊட்டினர் என்பதை அவன் அன்று கண்டுகொண்டான்.

குளம் என்பது வெறும் பள்ளம் அன்று. நீர் வருவதற்கு ஒரு வழியும், மிகுந்த நீர் வெளியேறுவதற்கு ஒரு வழியும் அதற்கு வேண்டும். சேறு படிந்தால் தூர் வார வேண்டும். அதில் பாசியும், செடியும், நத்தையும், மீனும் ஒன்றையொன்று சார்ந்து வாழ வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் நீர் நாறிவிடும். இந்த அறிவை ஏட்டில் எழுதி வைக்காமலே நம் ஊர்கள் காத்துவந்தன. கோயில் குளத்து மீனுக்குப் பொரி இடும் வழக்கத்தையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

ஏட்டில் எழுதியவர்களும் இருந்தனர். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்தில், 1129-ஆம் ஆண்டில், ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல் இயற்றப்பட்டது. அதன் ஒரு பகுதி மீன்களைப் பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட மீன் வகைகளையும், எந்த மீனுக்கு எந்த இரை ஏற்றது என்பதையும் அது கூறுகிறது. மீன் நூல் வல்லுநரான சுந்தர்லால் ஹோரா இப்பகுதியை ஆராய்ந்து 1951-இல் கட்டுரை வெளியிட்டார். சீன நாட்டிலோ, சாங் வமிசத்தார் காலத்திலேயே பொன்மீன்களைக் குளங்களில் வளர்த்து, நிறமும் வடிவமும் பார்த்து இனம் பிரித்தனர். அங்கிருந்து அம்மீன் ஜப்பானுக்கும், பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது.

ஆனால் இவர்கள் யாவரும் மீனை மேலிருந்து மட்டுமே கண்டனர். நீருக்குள் மீன் எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பக்கவாட்டில் நின்று காண்பதற்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

அந்த வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. பிரெஞ்சு நாட்டில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ழான் வில்ப்ரே-பவர் என்பவர், 1832-ஆம் ஆண்டில், கடல் உயிர்களை ஆராய்வதற்கென்றே கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஆர்கோனாட் என்னும் கடல் உயிரி தன் ஓட்டைப் பிற உயிரிடமிருந்து கவர்ந்துகொள்கிறதா, தானே உண்டாக்குகிறதா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அது தானே உண்டாக்குகிறது என்பதை அவர் தம் தொட்டியில் வளர்த்துப் பார்த்து நிலைநாட்டினார். மீன் தொட்டி அலங்காரப் பொருளாகப் பிறக்கவில்லை; ஒரு வினாவுக்கு விடை காணும் கருவியாகவே பிறந்தது என்பதை இங்கு நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில் கண்ணாடியின்மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. 1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும், நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் அவர் வைத்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று, பிராணவாயுவைத் தரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியே. ஆனால் சில நாட்களில் இலைகள் அழுகி நீர் கலங்கியது. நீர் நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகியதைத் தின்றன, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நம் குளங்களில் என்றும் நடந்துகொண்டிருந்ததை ஓர் அறைக்குள் அளந்து காட்டியதே அவருடைய பெருமை.

1853-இல் இலண்டன் மிருகக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்னும் சொல்லை எங்கும் பரப்பியது. அதன் பின்னர் செல்வர் வீடுகளிலெல்லாம் தொட்டிகள் தோன்றின. ஆனால் சில ஆண்டுகளிலேயே பலர் அவற்றைக் கைவிட்டனர். மீன்கள் மடிந்தன; நீர் நாறியது; ஏன் என்று எவருக்கும் புரியவில்லை.

அதன் காரணம் பிறகே விளங்கியது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. 1877-இல் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே என்று காட்டினர். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக்கும். முன்னிரண்டும் கொடியவை, மூன்றாவது அத்துணைக் கொடியதன்று, செடிகளுக்கு அதுவே உணவு. பழைய குளத்துச் சேற்றிலும் மணலிலும் இந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. புதிய தொட்டியிலோ அவை இல்லை. இங்கிலாந்துச் செல்வர்களின் மீன்கள் மடிந்ததன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. இன்று நம் தெருக்களில் வாங்கப்படும் மீன்கள் முதல் வாரத்திலேயே மடிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1865-இல் மலபார் மீன்களைப் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் அனைத்தையும் பற்றியும் பெருநூல்கள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான மீன் காட்சிசாலை, மெரினாக் கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்டது. பட்டணம் பார்க்கச் சென்ற நம் கிராமத்தார் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் அழைப்பர். கடலையே கண்டறியாத உள்நாட்டு மக்கள், கடலின் உயிர்களை உயிருடன் கண்ட இடம் அந்த மீன் காட்சிசாலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பம்பாயில் தாராபூர்வாலா மீன் காட்சிசாலை 1951-இல் திறக்கப்பட்டது. பின்னர் அலங்கார மீன் வளர்ப்பு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. சென்னையிலுள்ள கொளத்தூர் இத்தொழிலால் நாடறிந்த ஊராயிற்று.

இனி, ஒரு பெரிய தொட்டியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம். இதுவரை கூறிய சரித்திரமே இதற்கு வழிகாட்டும்.

‘சிறிய தொட்டி எளிது, பெரிய தொட்டி கடினம்’ என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. ஒரு குடத்து நீர் வெயிலில் விரைவில் சுடும். குளத்து நீர் சுடாது. நம் ஊரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. நீர் சூடாகச் சூடாக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 பாகையில் சுமார் ஏழரை மில்லிகிராமே கரையும். நீர் மிகுதியாக இருந்தால் வெப்பமும் மெதுவாக ஏறும், கழிவும் நீர்த்துப்போகும், மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓய்ந்தாலும் மீன்கள் சில மணி நேரம் தாங்கும். ஆகவே இடமும் பொருளும் உள்ளவர் பெரிய தொட்டியைத் தெரிந்தெடுப்பதே நன்று.

ஆனால் அதன் எடையைக் கணக்கிடுங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடி நீர் 28.3 லிட்டர். ஆக, ஏறத்தாழ 255 லிட்டர். அதன் எடை 255 கிலோகிராம். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 300 கிலோகிராமைத் தாண்டும். ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் அசையாமல் ஒரு மேசைமீது நிற்பதற்கு இது ஒப்பாகும். மெல்லிய மரமேசை இதைத் தாங்காது. இரும்புச் சட்டத்தால் ஆன தாங்கியோ, செங்கல் மேடையோ வேண்டும். அதன் மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தாலும் கண்ணாடி விரிசல் காணும்.

உயரத்தைக் குறித்தும் ஒரு சொல். நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்ததே என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தொட்டியின் உயரத்தை இருமடங்கு ஆக்கினால், பக்கக் கண்ணாடியின்மீது விழும் விசை நான்கு மடங்கு ஆகும். எனவே உயர்ந்த தொட்டியைவிட நீண்டு அகன்ற தொட்டி சிறந்தது. காற்றைத் தொடும் நீர்ப்பரப்பும் அதில் மிகுதி. நான் கூறிய அளவுக்குப் பத்து மில்லிமீட்டர் தடித்த கண்ணாடி நலம். முற்காலத்தில் இரும்புச் சட்டமும் மக்கும் கொண்டு கண்ணாடிகளைப் பொருத்தினர். இப்போது சிலிக்கோன் பசையே கண்ணாடியைக் கண்ணாடியோடு பிணைக்கிறது. வாங்கியவுடன் வீட்டுக்கு வெளியே வைத்து, நீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பாருங்கள்.

வெயில் நேரே படும் சாளரத்தின் அருகே தொட்டியை வைக்காதீர்கள், பாசி படர்ந்துவிடும். ஆற்று மணலைப் பலமுறை கழுவி இரண்டு அங்குலம் பரப்புங்கள். குடிநீர்க் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். நாம் விரும்பும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஒரு நாள் முழுதும் திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகே அந்நீரைத் தொட்டியில் ஊற்றுங்கள். நீரை வடிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, செடிகளை நடுங்கள்.

இதன் பின்னர்தான் கடினமான பாடம் வருகிறது. அது பொறுமை. மீனை உடனே விடாதீர்கள். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். முதலில் நான்கைந்து சிறு மீன்களை மட்டும் விட்டு, வாரங்கள் சென்றபின் சிறிது சிறிதாகச் சேருங்கள். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். வடிகருவியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரை இடுங்கள். பசியால் மடியும் மீன்களைவிட, மிகுந்த இரை அழுகுவதால் மடியும் மீன்களே அதிகம்.

எந்த மீனை வளர்ப்பது? நம் நாட்டு மீன்களை நாம் அற்பமாக எண்ணுகிறோம். அயிரை மணலில் புதைந்து தலைமட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அழகைக் காணுங்கள். சிறு கெண்டைகள் கூட்டமாகத் திரும்பும்போது வெள்ளிக் காசுகளை வீசியது போலிருக்கும். கேரளத்தார் பள்ளத்தி என்று அழைக்கும் மஞ்சள் நிற மீன், தாயும் தந்தையுமாகத் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். விராலைத் தவிர்த்துவிடுங்கள், அது பெரிதாக வளரும், பிற மீன்களையும் தின்னும். பேராசைக்கும் இங்கே ஒரு சரித்திரப் பாடம் உண்டு. பிரான்சிஸ் டே 1865-இல் கேரளத்திலிருந்து விவரித்த, பக்கவாட்டில் செங்கோடு ஓடும் ஓர் அழகிய கெண்டையினம், 1990-களுக்குப் பின் ‘மிஸ் கேரளா’ என்ற பெயரில் அயல்நாட்டுத் தொட்டிகளுக்காகப் பெருவாரியாகப் பிடிக்கப்பட்டது. இன்று அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, பண்ணையில் பொரித்து வளர்த்த மீன்களையே கேட்டு வாங்குங்கள்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. தொட்டியைக் கழுவும் என்று சொல்லிக் கடைகளில் தரும் முள்தோல் மீன் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது, விரலளவில் வாங்கப்பட்டு முழ நீளம் வளரும். தொட்டி போதாமற் போகவே, ‘கொல்ல மனமில்லை’ என்று பலர் அதை அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். அது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் அம்மீன் கரையைத் துளைத்துப் பொந்து அமைக்கும், நம் மீன்களின் உணவைக் கவரும், வலைகளைக் கிழிக்கும். தென்னாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது இப்போது வேரூன்றிவிட்டது. 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, வளர்ப்பு இடங்களிலிருந்த அரபைமா முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் ஆறுகளில் பிடிபட்டன. தனி ஒருவரின் பொழுதுபோக்கு ஓர் ஆற்றின் தலைவிதியை மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்க விரும்பும் மற்றொருவரிடமோ கொடுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள்.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பிறவற்றோடு சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நமக்கெல்லாம் அது பெருமையே. உலகம் மதில்களைக் காண வரும். மதிலுக்குள் இருக்கும் குளங்களையும், அவற்றில் வாழும் சிறு மீன்களையும் காக்க வேண்டியவர்கள் நாம்தாம். ஒரு தொட்டியில் ஒரு மாதம் பொறுத்திருந்து, நீர் தெளிந்து உயிர் பெறுவதைக் கண்ட மாணவன், ஊர்க் குளத்தில் குப்பை கொட்டப்படுவதைக் கண்டு வாளாவிருக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை. அந்த ஒரு பயனுக்காகவேனும், இடம் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பெரிய தொட்டி அமைய வேண்டும். அதனைப் பேணும் பொறுப்பு மாணவர்களிடமே இருக்க வேண்டும்.